ஒன்பதாம் படி, பதினோராம் விதி

"நான் உக்கார மாட்டேன்."

இப்படிச் சொல்லிவிட்டுத் தங்கவேல் கூடத்தின் நட்டநடுவில் நின்றுகொண்டார். பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவு மீன் ஏலக்கூடத்தின் மாடியில் ஏரிச் சகோதரர் சபையின் மாதக் கூட்டம் தொடங்க வேண்டிய நேரம். பதினான்கு உறுப்பினர்களில் பன்னிரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்தாகிவிட்டது. செயலாளர் உதயகுமார் நோட்டும் கையுமாக ஓடி வந்து பெஞ்சைத் தடவிப் பார்த்தார்.

"ஏன் மச்சான், ஆணி கீணி நீட்டிக்கினு இருக்குதா?"

"ஆணி இல்ல. ரமேஷ் இருக்கிறான்."

ரமேஷ் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். தன் பெயர் அடிபட்டதும் ஆட்டுவதை நிறுத்தினான்.

"போன வருசம் வரிக்கும் என் போட்ல தண்ணி மொண்டு ஊத்திக்கினு இருந்தவன். இப்ப அவனும் மூணாம் படி, நானும் மூணாம் படி. ஒரே பெஞ்சு. அப்ப இருபது வருசமா நான் இந்தச் சபையில இன்னாத்தக் கிழிச்சேன்?"

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. சபையில் இருந்ததே மூன்று படிகள்தான். சேர்ந்தவுடன் கரையாள், பிறகு துடுப்பாள், அதற்கும் மேலே சுக்கானாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு சத்தியம், ஒரு ரகசிய வார்த்தை, நண்டு கவ்வுவதுபோல் கட்டைவிரலைக் கிள்ளுகிற ரகசியக் கைகுலுக்கல். சபை உண்மையில் செய்த வேலை, காற்றில் சிக்கிய படகைத் தேடிப் போவதும் இழவு விழுந்த வீட்டுக்கு ஒத்தாசை செய்வதும்தான். ஆனால் அதற்காக யாரும் சேரவில்லை, கிள்ளுவதற்காகத்தான் சேர்ந்தார்கள். கடைசியில் ரமேஷும் மூன்றாம் படி ஏறிவிட, சபையில் அண்ணாந்து பார்க்க ஆள் இல்லாமல் போயிற்று.

"நான் சபைய விட்டே போறேன். ரமேஷ் கூட சமமா உக்காத்தி வச்ச செயலாளர் வீட்டுச் சம்பந்தமும் எனுக்கு வேணாம்," என்றார் தங்கவேல்.

உதயகுமார் நோட்டை மூடினார். ஆவணி பத்தாம் தேதி தன் மகள் காவியாவுக்கும் தங்கவேலின் மகன் பிரவீனுக்கும் நிச்சயதார்த்தம். இன்னும் முப்பது நாள்கூட இல்லை. பிரவீனுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை. வீடோ மூன்றே தெரு தள்ளி. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் காலையில் டீ குடிக்கிற சாக்கில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அவளைப் பார்க்காமல் ஒரு நாள் ஓட்டுவது எப்படி என்று உதயகுமாருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவர் விரும்பவில்லை.

படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கிறவர் அவர். எந்த இன்ஜினையும் பிரித்துப் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டார். அன்றைக்கு மட்டும் வாய் முந்திக்கொண்டது.

"மச்சான், நாலாம் படின்னு ஒண்ணு இருக்குது."

தங்கவேல் திரும்பிப் பார்த்தார்.

"இத்தினி வருசமா ஏன்யா சொல்லல?"

"கேக்கறவங்களுக்குச் சொல்லக் கூடாது மச்சான். கோவிச்சுக்கினு நிக்கறவங்களுக்குத்தான் சொல்லணும். அதான் விதி."

தங்கவேல் பன்னிரண்டு பேரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு மெதுவாக, மிக மெதுவாக, உட்கார்ந்தார்.

*

"இன்னா படி அது?" என்றாள் உதயகுமாரின் மனைவி அம்பிகா. அவள் ஒரு கூடை இறாலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"இனிமேதான் எழுதணும்," என்றார் உதயகுமார்.

எழுதுவது அவ்வளவு சுலபமாக இல்லை. நாலாம் படி என்றால் அது எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தது, இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தது என்று சொல்ல வேண்டும். பழவேற்காட்டில் பழசு வேண்டுமென்றால் கை நீட்டினால் கிடைக்கும். டச்சுக்காரர்கள் என்கிற ஒல்லாந்துக்காரர்களின் கல்லறையும் அதன் வாசலில் செதுக்கிய மண்டையோடும் எதற்கு இருக்கின்றன? ஒல்லாந்துக் கப்பல் தச்சன் ஒருவன் புயலில் தன்னைக் காப்பாற்றிய ஊராருக்கு நாலாம் படியைக் காதோடு சொல்லிவிட்டு உயிரை விட்டதாக எழுதினார். எழுதி முடித்ததும் அந்தத் தச்சனுக்காக அவரே ஒருமுறை மூக்கைச் சிந்தினார்.

பொன்னேரிக் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்த காவியா, தாளை வாங்கிப் படித்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"நைனா, தச்சன் உயிர விட்டுக்கினே நாலு பக்கம் பேசறான்."

"சாகற நேரத்துல அப்படித்தான் பேசுவாங்க. நீ போய் நம்ம இக்ரா கடையில அடிச்சு எடுத்துக்கினு வா."

இக்ரா, மீன் வியாபாரியும் சபை உறுப்பினருமான ஜலாலுதீன் பாயின் மகள்; காவியாவோடு படித்தவள். பழவேற்காடு பஜாரில் கம்ப்யூட்டர், ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு தங்கவேலுக்குப் படியேற்றம் நடந்தது. கண்ணைக் கட்டி, ஏரியில் முழங்கால் தண்ணீரில் நிறுத்தி, கையில் நங்கூரத்தைக் கொடுத்து, தோளில் புது நைலான் வலையைக் குறுக்கே போட்டார்கள். சற்றுத் தள்ளிச் சேற்றில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இன்னா மாமா, கண்ணாமூச்சியா?" என்றாள் ஒருத்தி.

தங்கவேல் நங்கூரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கண்கட்டை அவிழ்த்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"உதயா, இருபது வருசத்துல இன்னிக்குத்தான் நான் சபையில சேந்தா மாதிரி இருக்குது," என்றார்.

உதயகுமாருக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. நிம்மதி மறுநாள் காலை ஏழு மணி வரை நீடித்தது.

*

ஏழு மணிக்கு ஜலாலுதீன் பாய் பட்டறை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

"உதயா, ஒல்லாந்துக்காரன் வந்து எவ்ளோ வருசம் ஆவுது?"

"ஒரு நானூறு இருக்கும் பாய்."

"எங்க ஆளுங்க அதுக்கும் முன்னாடியே அரபு தேசத்துலேந்து கப்பல்ல வந்து இறங்கினவங்க. அப்ப உன் தச்சனுக்கு நாலாம் படிய சொல்லிக் குடுத்தது யாரு?"

இன்ஜினைப் பற்றிய கேள்வி என்றால் கழற்றிப் பார்த்துப் பதில் சொல்லியிருப்பார். உதயகுமார் ஸ்பேனரைக் கீழே வைத்தார். பாயோ லேசில் விடுகிறவர் இல்லை. கோபித்துக்கொண்டு சபையை விட்டால் பாதி உறுப்பினர்கள் அவர் பின்னால் போய்விடுவார்கள்.

"அதான் பாய், அஞ்சாம் படி உங்க ஆளுங்களோடது. இன்னும் சொல்ற நேரம் வரல."

"இப்ப வந்துதா?"

"இப்பதான் வந்துச்சு."

அஞ்சாம் படி அரபுக் கப்பலில் வந்து இறங்கியது. நாலில் நின்றிருந்த தங்கவேல் அதைக் கேள்விப்பட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி குப்பம்மாள் சொல்லியனுப்பினாள். ஆகவே ஆறாம் படி. ஆறைப் பார்த்து பாய் ஏழு கேட்டார். அதற்குள் பெஞ்சில் மிச்சமிருந்தவர்களும் ஆளுக்கொரு கோபத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள், விதிதான் அப்படி இருக்கிறதே! ரமேஷுக்கு நாலு, முரளிக்கு ஏழு என்று கொடுத்துக்கொண்டே போனதில், பெரியவர்கள் இருவரும் எட்டுக்கும் ஒன்பதுக்கும் ஏறினார்கள். ஒன்பது தங்கவேலுக்கு, எட்டோடு நிற்க பாய் சம்மதித்ததற்குக் காரணம், ஒன்பதாம் படியின் ரகசிய வார்த்தையை வைத்திருக்கும் உரிமை எட்டாம் படிக்கு என்று உதயகுமார் எழுதிக் கொடுத்ததுதான். தங்கவேல் தன் ரகசிய வார்த்தையைச் சொல்ல வேண்டுமானால் பாயைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

பிறகு நிர்வாகம். நாலு முதல் ஆறு வரை உள்கூடம். ஏழு முதல் ஒன்பது வரை மேல்கூடம். இரண்டுக்கும் தனித்தனித் தலைவர், துணைத்தலைவர், ரகசியக் காப்பாளர், வலைக் காப்பாளர், நங்கூரம் தூக்கி, கண் கட்டுபவர், பொருளாளர், டீக் கணக்கர். பதினான்கு பேர் உள்ள சபையில் செயலாளரையும் சேர்த்துப் பதினேழு பதவிகள் ஆயின. மேல்கூடத்துத் துணைத்தலைவரும் உள்கூடத்துத் தலைவரும் ஒரே ஆள் என்பதால், முரளி ஒருநாள் தனக்குத் தானே கடிதம் எழுதித் தானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான்.

இத்தனையையும் எழுதிய கை சும்மா இருக்குமா என்ற சந்தேகமும் அவனுக்குத்தான் முதலில் வந்தது.

"இவரேதான் பழசப் பாத்து எழுதறாரு. நாளைக்கி பத்தாம் படின்னு ஒண்ண எழுதி நம்ம தலை மேல ஏறி உக்காந்துட்டா?"

உதயகுமார் அந்த இடத்திலேயே நோட்டைப் பிரித்து, பழைய விதி ஒன்று என்று எழுதிப் படித்துக் காட்டினார்: 'செயலாளராக இருப்பவர் ஆயுள் முழுவதும் மூன்றாம் படியே. பதவி விலகவும் இயலாது.' எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்து ரமேஷ் கையைத் தூக்கி, "இதெல்லாம் நெசந்தானே?" என்று கேட்டபோது இன்னொரு விதியும் சேர்ந்தது: 'கீழ்ப்படியார் இதைப் பொய் என்பர். மேற்படியார் புன்னகை செய்க.'

இதற்குப் பிறகு ஒரு சிறு சங்கடம் தலைகாட்டியது. உள்கூடமும் மேல்கூடமும் கூடும்போது மூன்றாம் படிக்காரர்கள் உள்ளே இருக்கக் கூடாது. சபையில் மூன்றாம் படிக்காரர் இப்போது ஒரே ஒருவர்தான். எனவே கதவைச் சாத்திக்கொண்டு பதின்மூன்று பேர் உள்ளே இருக்க, உதயகுமார் வெளியே ஸ்டூலில் காவல் உட்கார்ந்தார். டீ வந்தால் வாங்கிக் கதவை மூன்று தட்டு தட்டி உள்ளே நீட்டுவார்.

"நீ உண்டாக்கின கூடத்துக்கு நீயே வாட்ச்மேனா?" என்று அம்பிகா கேட்டாள்.

"நிச்சயம் முடியட்டும். அப்பறம் இன்னா ஆனா எனுக்கின்னா?" என்றார்.

*

ஒன்பதாம் படிக்கான விதிகளை எழுதும்போது அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. பட்டறையில் மூன்று இன்ஜின் பிரித்துக் கிடந்தது. அரையும் குறையுமாகக் கிறுக்கிய தாள்களைக் காவியாவிடம் நீட்டினார்.

"நைனா, ஒண்ணு சொல்லணும். இந்த விசயத்துல நானு..."

"எந்த விசயமா இருந்தாலும் நீயே சேத்து எழுதிடும்மா. உனக்குத் தமிழ் நல்லா வருது. எனுக்கு விரலெல்லாம் கிரீஸு."

காவியா ஒரு தாளைத் திருப்பி அதன் வெற்றுப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு தாள்களை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று மாலை ஸ்பேர் வாங்க பஜாருக்குப் போனவர் இக்ரா கடையின் கண்ணாடிக் கதவு வழியாக ஒரு காட்சியைக் கண்டார். காவியாவும் பிரவீனும் கம்ப்யூட்டர் முன்னால் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்து எதையோ சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிரவீன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். காவியா அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டாள்.

உதயகுமார் கதவைத் திறக்காமல் திரும்பிவிட்டார். மனசு நிறைந்து போயிற்று. பெண் பார்க்க வந்த அன்று வாயே திறக்காத இரண்டும் இப்போது இப்படிச் சிரிக்கின்றன என்றால், இதற்காக ஒன்பது படி என்ன, தொண்ணூறு படி எழுதலாம், ஆயுள் முழுவதும் ஸ்டூலில் உட்காரலாம் என்று நினைத்தார். ஸ்பேர் வாங்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டார்.

*

ஆவணி பிறந்து மூன்றாம் நாள், ஞாயிறு. மேல்கூடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் கதவைத் திறக்கவில்லை. உதயகுமார் நீட்டிய இரண்டாம் டீ ஆறிப்போய் அப்படியே திரும்பி வந்தது. கடைசியில் கதவு திறந்து தங்கவேல் வெளியே வந்தார். தோளில் வலை, கையில் ஒன்பதாம் படிப் புத்தகம், முகத்தில் இழவு வீட்டுக் களை.

"உதயா, மனச கல்லாக்கிக்க."

"இன்னா மச்சான்? யாருக்காவது உடம்பு கிடம்பு..."

"பதினோராம் விதி," என்று சொல்லிப் புத்தகத்தை விரித்தார் தங்கவேல். "'மேல்கூடத்தார், மூன்றாம் படியில் நிற்பவர் வீட்டோடு கொள்வினை கொடுப்பினை செய்யார். செய்வாரெனில் ஏறிய படியனைத்தும் இழப்பார்.'"

உதயகுமார் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தார். அச்சில் இருந்தது. இதை எப்போது எழுதினோம்? எந்த இன்ஜினுக்கும் எந்த இன்ஜினுக்கும் நடுவில்? ஞாபகமே இல்லை. ஆனால் 'செய்வாரெனில்' என்ற வார்த்தையைப் பார்த்ததும், இவ்வளவு நன்றாக இந்த ஊரில் தன்னைத் தவிர வேறு யார் எழுத முடியும் என்றும் தோன்றியது.

"மச்சான், அப்ப என்னையும் ஒரு படி ஏத்திடுங்க. நாலு போதும்."

"செயலாளர் ஆயுசுக்கும் மூணாம் படி. நீயேதானே படிச்சுக் காட்டின?"

"அப்ப செயலாளர் பதவி வேணாம். விட்டுடறேன்."

"விலக முடியாதே!" தங்கவேல் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "ஒரு மணி நேரமா உள்ள அதைத்தான் பேசினோம். பாய் கூட உனக்காக எவ்ளோ வாதாடினாரு தெரியுமா? ஒரு சந்து பொந்து இல்ல. அந்தக் காலத்து ஆளுங்க கெட்டியாக் கட்டி வச்சிருக்கிறாங்க."

உதயகுமார் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார். மகளின் முகம் கண்முன் வந்தது. மானம் போனால் போகட்டும்.

"மச்சான், அந்தக் காலத்து ஆளும் இல்ல, இந்தக் காலத்து ஆளும் இல்ல. அத்தினியும் நான் எழுதினது. தச்சன் இல்ல, அரபுக் கப்பல் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நீங்க கோவிச்சுக்கினு நின்னீங்கன்னு என் வீட்டுல உக்காந்து, இறால் நாத்தத்துல, நானே எழுதினேன். எல்லாம் பொய்!"

தங்கவேல் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் சிறிது சிறிதாக ஒரு புன்னகை பரவியது. கதவிடுக்கில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஜலாலுதீன் பாயும் புன்னகை செய்தார். அவருக்குப் பின்னாலிருந்த முரளியும்.

"கீழ்ப்படியார் பொய் என்பர்," என்றார் தங்கவேல் நெகிழ்ந்துபோய். "ஆனாலும் உதயா, ரகசியத்தக் காப்பாத்த உன் பேரையே நாறடிச்சுக்கிற பாரு, உன் மாதிரி ஒரு செயலாளர் எந்தச் சபைக்கும் கிடைக்க மாட்டான்." கட்டைவிரலை அன்போடு கிள்ளிவிட்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

*

அம்பிகாவிடம் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. காவியாவிடமோ கேட்கவே வேண்டாம். அப்படிச் சிரித்த பெண்ணிடம் போய் எந்த வாயால் சொல்வது? நேரே பட்டறைக்குப் போனார். வந்து காத்திருந்த படகுக்காரரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, கிரீஸ் கையோடு எழுத உட்கார்ந்தார்.

பத்தாம் படி. ஒல்லாந்துக்காரனுக்கும் முந்தியது, அரபுக் கப்பலுக்கும் முந்தியது. ஏரி உண்டான அன்றே உண்டானது. அதற்கு ஒரே ஒரு விதி: 'பதினோராம் விதி செல்லாது. பிரவீனுக்கும் காவியாவுக்கும்' என்று எழுதி, பெயர் போட்டால் சந்தேகம் வரும் என்று அடித்துவிட்டு, 'மனம் ஒத்த பிள்ளைகளை எந்தப் படியும் பிரிக்கலாகாது' என்று திருத்தினார். படித்துப் பார்த்ததும் அவருக்கே கண்ணில் நீர் முட்டியது. இந்த முறை தச்சனுக்காக அல்ல.

இனி யாரையும் நம்பிக் கொடுக்க முடியாது. தானே வண்டியை எடுத்துக்கொண்டு பஜாருக்குப் பறந்தார். இக்ரா கடையைச் சாத்தப் போகிற நேரம்.

"ஒரே ஒரு பக்கம்மா. ஒடனே அடிச்சுக் குடு. பழைய எழுத்து மாதிரி இருக்கணும்."

இக்ரா உட்கார்ந்து 'பத்தாம் படி' என்று தலைப்பை அடித்தாள். அடுத்த வரியைப் படித்தாள். விரல்கள் நின்றன. தாளை மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"அங்கிள், இத நான் அடிக்க மாட்டேன்."

"ஏம்மா? நம்ம காவியாவுக்காகம்மா. அவ வாழ்க்கை இதுல இருக்குது."

"அவளுக்காகத்தான் சொல்றேன்."

"புரியல. அந்தப் பதினோராம் விதிய முறிக்கலன்னா கல்யாணமே நின்னுடும்மா!"

இக்ரா நாற்காலியை அவர் பக்கமாகத் திருப்பினாள். தாளை மடித்து அவர் கையிலேயே வைத்தாள்.

"அந்த விதிய இங்க உக்காந்து எழுதினதே காவியாவும் பிரவீனும்தான் அங்கிள், 'ரெண்டு பேருக்குமே இந்தக் கல்யாணம் வேணாம், ஆனா நாம சொன்னா நம்ம நைனாங்க காதுல வாங்க மாட்டாங்க, சபை சொன்னாத்தான் கேப்பாங்க'ன்னு."